டி3 வேனுக்கு பென்ஸ் வீல்: ஓட்டை ஒத்துப்போனா போதுமா?

கேள்வி, 4 மார்ச் 2023

"அண்ணா, என்கிட்ட 86 மாடல் ஃபோக்ஸ்வேகன் டி3 இருக்கு, 1.6 டர்போ டீசல். இப்ப இருக்கறது கம்பெனி 14 இன்ச் இரும்பு வீல், துரு பிடிச்சு அசிங்கமா இருக்கு. பழைய பென்ஸ் 190-ல இருந்து கழட்டின 15 ஓட்டை டிசைன் அலாய் வீல் நாலு, டயரோட சேத்து 120 யூரோக்கு கிடைக்குது. பிசிடி 5x112, அதாவது 112 மிமீ வட்டத்துல அஞ்சு போல்ட் ஓட்டை, நடு ஓட்டை 66.5 மிமீ, ரெண்டுமே வேன்ல இருக்கற அதே அளவு. அப்ப நேரா மாட்டிரலாம்ல? ஞாயித்துக்கிழமை போய் எடுத்துட்டு வரலாம்னு இருக்கேன்."

5 மார்ச் 2023, காலை

தம்பி, காசு இன்னும் குடுக்கலன்னா குடுக்காத, ஒரு நாள் பொறு.

நீ பாத்த ரெண்டு அளவும் சரிதான், அதுல தப்பில்ல. டி3-யும் பழைய பென்ஸும் 5x112 தான், நடு ஓட்டையும் ஒண்ணுதான், அதனாலதான் இந்த யோசனை ஜெர்மனில டி3 வெச்சிருக்கற எல்லாருக்கும் ஒரு தடவையாவது வந்துருக்கு. ஆனா அந்த காலத்து பென்ஸ் 12 மிமீ போல்ட், நம்ம வேன் 14 மிமீ. அதாவது வீல் ஹப்ல, வண்டில வீல் மாட்டற அந்த முகத்துல, அழகா போய் உக்காரும், அஞ்சு ஓட்டையும் நேரா நிக்கும், போல்ட்டு மட்டும் உள்ள போகாது. சில டி3-ல போல்ட் இருக்கும், சிலதுல ஸ்டட்டும் நட்டும் இருக்கும், எதுவா இருந்தாலும் 14 தான்.

அடுத்தது ஆஃப்செட், வீல் எவ்ளோ உள்ள தள்ளி உக்காருதுங்கற அளவு. உன் இரும்பு வீல் 5.5ஜே x 14, அதாவது 5.5 இன்ச் அகலம், 14 இன்ச் விட்டம், ஆஃப்செட் 39 மிமீ. அந்த 190 வீல் 6ஜே x 15, ஆஃப்செட் 49. பத்து மிமீ உள்ள போகும். முன்னாடி சஸ்பென்ஷனோட மேல் பால் ஜாயின்ட் (மூட்டு) பக்கத்துல இடம் கம்மி, அத பாத்துக்கணும்.

இத நான் சும்மா படிச்சு சொல்லல. இதே வீல இதே வேன்ல மாட்டி ஓட்டினவன் நான். முழுக்கதைய ராத்திரி எழுதறேன், இப்ப ஷிஃப்ட்டுக்கு கிளம்பணும்.

5 மார்ச் 2023, இரவு

காலைல ஆஃப்செட் கணக்கு தப்பா சொல்லிட்டேன், பஸ்ல போறப்பதான் உறைச்சுது. ரிம் அகலம் கூடுனத நான் கணக்குலயே எடுக்கல.

ஆஃப்செட்ங்கறது ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து ஹப்ல ஒட்டற முகம் எவ்ளோ தள்ளி இருக்குன்னு சொல்றது. அதனால பாதி அகலத்த சேத்துதான் பாக்கணும். 5.5 இன்ச்சுல பாதி 70 மிமீ, அதோட 39 சேத்தா 109. ஹப் முகத்துல இருந்து உள்பக்கம் ரிம் ஓரம் 109 மிமீ தள்ளி இருக்கு. 6 இன்ச்சுல பாதி 76, அதோட 49, மொத்தம் 125. ஆக உள்ள போறது 10 இல்ல, 16 மிமீ. இதே 6.5ஜே ஆஃப்செட் 49 எடுத்தா கிட்டத்தட்ட 23 மிமீ. வெளிப்பக்கத்துக்கு கூட்டறதுக்கு பதிலா கழிக்கணும், பாதி அகலத்துல இருந்து ஆஃப்செட்ட கழிச்சா வெளிய எவ்ளோ நிக்குதுன்னு வரும். உன் வீல் 31, அந்த 190 வீல் 27.

16 மிமீன்னா என் சுண்டுவிரல் தடிமன். என் வேன்ல முன்பக்கம் மாட்டி, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு, டயருக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் நடுவுல விரல விட்டு பாத்தேன், நகம் வரைக்கும்தான் போச்சு. அது நிக்கற வண்டில. ஆள் ஏறி, பள்ளத்துல இறங்கி, டயர் நெளியறப்ப அந்த இடமும் இருக்காது.

6 மார்ச் 2023

சரி, கதை.

2017-ல இந்த வேன் வாங்கினேன். பொண்ணுக்கு அப்ப நாலு வயசு. பின்னாடி பெட்டு போட்டு, அடுப்பு வெச்சு, வருஷத்துக்கு ரெண்டு தடவை எங்கயாவது போய்ட்டு வரணும்னு ஆசை. வீலு மேல எனக்கும் உன்ன மாதிரியே கண்ணு. ஜெர்மன்காரங்க இந்த 15 ஓட்டை வீலுக்கு வெச்சிருக்கற பேரு குல்லி டெக்கல், நம்ம பாஷைல சாக்கடை மூடி. பேரு அப்டி இருந்தாலும் அந்த பெட்டி மாதிரி வேனுக்கு அது வர்ற அழகு வேற எந்த வீலுக்கும் வராது, இப்பவும் அதத்தான் சொல்வேன்.

நாலு வீல் வாங்கி, எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் கராஜ்ல நிக்கற டிரில்லிங் மெஷின்ல 15 மிமீ பிட்டு போட்டு இருவது ஓட்டையும் பெருசாக்கினேன். ஒண்ணரை மணி நேரம்தான். போல்ட்டு உள்ள போச்சு, கொஞ்சம் நீளமான போல்ட்டா வாங்கிக்கிட்டேன், 180 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சு, அதான் இறுக்கற அளவ செட் பண்ற ஸ்பேனர், வெச்சு டைட் பண்ணேன். ஒரு மீட்டர் கம்பி முனைல 18 கிலோ தொங்க விட்ட மாதிரி. எல்லாம் சரியா செஞ்சுட்டோம்னுதான் நெனச்சேன்.

மறுநாள் எஸ்லிங்கன்ல இருந்து உல்ம் பக்கம் கிளம்பினோம், மனைவி, பொண்ணு, நான். ஏ8 ரோட்டுல முல்ஹவுசன் தாண்டி மலை ஏறுதுல்ல, அந்த ஏத்தத்துல பின்னாடி இடது பக்கம் டக், டக், டக்னு ஒரு சத்தம். வேகம் கொறச்சா மெதுவா வருது, கூட்டினா வேகமா வருது. பெட்டுக்கு அடில பாத்திரம் உருளுதுன்னு மனைவி சொன்னாங்க. எங்கப்பா லாரி பட்டறைல இருந்தவரு, நாமக்கல்ல. வீல் போல்ட் லூஸானா எப்டி சத்தம் வரும்னு சின்ன வயசுல கேட்டு கேட்டு பழகினது, பாத்திரம் இல்லன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு. மேல ஏறினதும் வந்த முதல் பார்க்கிங்ல ஒதுக்கிட்டேன்.

வீல் ஸ்பேனர வெச்சு தள்ளினேன், வெறும் கை பலத்துக்கே சுத்துச்சு. அஞ்சுல மூணு லூஸ். ஓட்டைய சுத்தி கறுப்பா, பென்சில் தூள் மாதிரி ஒட்டி இருந்துச்சு, தேச்சா விரல்ல வெள்ளி மாதிரி மின்னுது. அலுமினியம். போல்ட்டு வீல அரைச்சு அரைச்சு எடுத்த தூள்.

அவங்க ரெண்டு பேரையும் கம்பித்தடுப்புக்கு அந்த பக்கம் புல்லுல உக்கார வெச்சுட்டு, டோ வண்டிக்கு போன் பண்ணேன். டைட் பண்ணி மெதுவா வீட்டுக்கு ஓட்டிரலாமான்னு ஒரு எண்ணம் வந்துச்சு, பொண்ணு மொகத்த பாத்ததும் போய்டுச்சு.

6 மார்ச் 2023, இன்னும் கொஞ்சம்

ஏன் லூஸாச்சுன்னு சொல்லாம விட்டுட்டேன், இதுதான் உனக்கு வேண்டியது.

வீல் போல்ட்டோட தலைக்கு கீழ உருண்டையா ஒரு பாகம் இருக்கும், வீல்ல அதுக்கு ஏத்த மாதிரி ஒரு குழி. அந்த உருண்டையும் குழியும் ஒண்ணோட ஒண்ணு முழுசா ஒட்டி உக்காரணும். பழைய பென்ஸ் 12 மிமீ போல்ட்டுக்கு உருண்டையோட ஆரம் 12, நம்ம 14 மிமீ போல்ட்டுக்கு 14. நான் ஓட்டைய மட்டும் பெருசாக்கினேன், குழிய தொடவே இல்ல.

வீட்டுக்கு வந்தப்பறம் ஒண்ணு பண்ணி பாத்தேன். மனைவிகிட்ட குங்குமம் வாங்கி, ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு கொழச்சு, புது போல்ட்டோட உருண்டை பூரா மெலிசா தடவி, பாதிக்காத ஒரு ஓட்டைல கையால டைட் பண்ணி கழட்டினேன். குழி பூரா செவப்பா ஒட்டி இருக்கணும். ஒட்டினது குழியோட மேல் ஓரத்துல மட்டும், நூல் மாதிரி ஒரு வட்டம். பெரிய உருண்டை சின்ன குழில எறங்காம ஓரத்துல தொத்திக்கிட்டு நிக்குது. பட்டறைல நீல மசி வெச்சு பாப்பாங்க, வீட்டுல குங்குமமே போதும், அச்சு மாதிரி தெரியுது.

அந்த நூல் வட்டத்து மேல 180 டைட். அலுமினியம் அந்த அழுத்தத்துக்கு நசுங்கி கொஞ்சம் உள்வாங்கும், உள்வாங்கினா போல்ட்டுல இருந்த இழுப்பு போய்டும். வீல தூக்கி புடிக்கறது போல்ட்டோட உடம்பு இல்ல தம்பி. போல்ட்டு ஒரு ஸ்பிரிங் மாதிரி லேசா நீண்டு வீல ஹப்போட இறுக்கி புடிக்குது, அந்த ரெண்டு முகமும் உரசிக்கிட்டு நிக்கறதுதான் வண்டிய ஓட வைக்குது. இழுப்பு போச்சுன்னா உரசல் போச்சு, அப்பறம் ஒவ்வொரு சுத்துக்கும் வீல் நெளியும். அந்த டக் டக் அதுதான்.

9 மார்ச் 2023

போல்ட் மரைல தடவற லாக் பேஸ்ட் போட்டா நிக்காதான்னு கேட்டவருக்கு: நிக்காது சார், போடவும் போடாதீங்க. போல்ட்டு சுத்தி கழண்டது இல்ல பிரச்சனை, அடில இருந்த உலோகம் நசுங்கினதுதான். பேஸ்ட் போட்டா போல்ட்டு சுத்தாம அப்டியே நிக்கும், இழுப்பு மட்டும் இருக்காது, நீங்க ஸ்பேனர் வெச்சு பாத்தா டைட்டா இருக்கற மாதிரியே தெரியும். அது இன்னும் மோசம்.

11 மார்ச் 2023

ரெண்டு நாளா ஒண்ணு மனச அரிச்சுக்கிட்டே இருக்கு, எழுதிடறேன். முழு பழியையும் குழி மேல போட்டுட்டேன். பழைய போட்டோ எடுத்து பாத்தேன், அந்த வீலுக்கு நான் பவுடர் கோட்டிங் குடுத்துருந்தேன், குடுத்தப்ப பின்னாடி முகத்த மறைக்க சொல்லல. ஹப்ல ஒட்டற முகத்துலயும் கெட்டியா பெயின்ட். அந்த பெயின்ட்டும் அழுத்தத்துல, சூட்டுல மெலிசாகும், அதுவும் இழுப்ப கொறைக்கும். ரெண்டும் சேந்துதான் அப்டி ஆயிருக்கும். அறுவது கிலோமீட்டர்லயே லூஸானதுக்கு இது பெரிய காரணமா கூட இருக்கலாம். அதனால யாரு வீல் பெயின்ட் அடிக்க குடுத்தாலும் ஹப் முகமும் போல்ட் குழியும் வெறும் உலோகமா இருக்கணும்னு சொல்லி, டேப் ஒட்டி குடுங்க. வாங்கறப்ப நகத்தால சொரண்டி பாருங்க.

12 மார்ச் 2023

தம்பி கேட்டுருக்கான், குழிய ஒழுங்கா 14-க்கு வெட்டி எடுத்துட்டா அந்த 190 வீல் ஓகேவான்னு.

இல்ல. எடை இருக்கே.

உன் வண்டி பேப்பர எடுத்து பின் ஆக்ஸில் சுமைய பாரு. என்னோடது 1300 கிலோ. ரெண்டா பிரிச்சா ஒரு வீலுக்கு 650. பென்ஸ் 190 முழு காரும் ஆள், பெட்டியெல்லாம் ஏத்தினாலே சுமார் 1700 கிலோதான் வரும், நாலு வீலும் சேந்து சுமக்கறது அது. அந்த எடைக்குனு வார்த்த வீல கொண்டு வந்து, பின்னாடி எஞ்சின், மேல பெட்டு, தண்ணி டேங்க், கேஸ் சிலிண்டர்னு இருக்கற வேனுக்கு போடறோம்.

டயர்லயும் அதே கதைதான். அந்த வீலோட வர்ற டயரு 185/65 ஆர்15-ஆ இருந்தா அதுல 88-ன்னு போட்டுருக்கும். 88-ன்னா 560 கிலோ. ரெண்டு டயருக்கு 1120. உன் ஆக்ஸில் 1300. கணக்கு அங்கயே முடிஞ்சுது. உன் பழைய 185 ஆர்14 சி டயர் பக்கத்துல போய் பாரு, 102/100-ன்னு இருக்கும், 102-ன்னா 850 கிலோ. அசிங்கமா இருக்குன்னு நீ சொன்ன வீலும் டயரும் அவ்ளோ தாங்குது.

மனப்பாடமா வெச்சுக்கறதுக்கு: 91 வந்தா 615, 93 வந்தா 650, 95-க்கு 690, 97-க்கு 730, 99-க்கு 775. நம்ம வேனுக்கு 93-க்கு கீழ எதையும் தொடக்கூடாது, 93-ங்கறதும் விளிம்புல நிக்கற மாதிரிதான், நான் 95-க்கு கீழ போக மாட்டேன். 195/65 ஆர்15-லயே 91-ம் வரும், எக்ஸ்ட்ரா லோடுல 95-ம் வரும், கடைல பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே டயர் மாதிரிதான் இருக்கும், அந்த ரெண்டு நம்பர படிச்சாதான் தெரியும்.

நாமக்கல்ல லாரிக்கு ரிம் மாத்த வர்றவங்ககிட்ட அப்பா முதல்ல என்ன லோடு அடிக்கறீங்கன்னுதான் கேப்பாரு. வண்டி என்ன மாடல்னு அப்பறம்தான். முட்டை லாரியா, போர்வெல் வண்டியான்னு தெரிஞ்சாதான் ரிம்ம கைல எடுப்பாரு. பத்து வயசுல கேட்டது, 2017-ல மறந்துட்டேன்.

13 மார்ச் 2023

ஆடி வீல் பத்தி ஒருத்தர் கேட்டுருந்தாரு. ஆடில 5x112 தான், போல்ட்டும் 14 கிடைக்கும், ஆனா நிறைய மாடல்ல நடு ஓட்டை 57.1. டி3 முன் ஹப் 66.5. ஏறவே ஏறாது. லேத்துல குடுத்து நடு ஓட்டைய பெருசாக்கி போட்டவங்க இருக்காங்க, ஆனா வீல நாலு ஜா சக்குல புடிச்சு டயல் வெச்சு மையம் பாக்க தெரிஞ்ச ஆளா இருக்கணும், கால் மிமீ தள்ளினாலும் ஸ்டியரிங் நடுங்கும், எத்தன பேலன்சிங் வெயிட்டு ஒட்டினாலும் போகாது.

டி5 (ஃபோக்ஸ்வேகனோட பிந்தின தலைமுறை வேன்) வீல் கேட்டவருக்கு: அது 5x120, நடு ஓட்டை 65.1. ஓட்டைய வெல்டிங் வெச்சு அடைச்சு வேற இடத்துல போடலாமான்னு கேட்டுருக்கீங்க. தயவுசெஞ்சு வேணாம். அந்த அலாய வார்த்தப்பறம் சூட்டுல பதப்படுத்தி பலம் ஏத்திருப்பாங்க, வெல்டிங் பண்ணா அந்த இடத்த சுத்தி பலம் எல்லாம் எறங்கிரும். எல்லா சுமையும் வந்து நிக்கற இடமே போல்ட் ஓட்டைய சுத்திதான்.

டி3-க்கு முந்தின பழைய டி2 வெச்சிருக்கறவங்க ஒண்ணு கவனிங்க, 1970 மாடல் வரைக்கும் 5x205, 71 மாடல்ல இருந்துதான் 5x112. போட்டோ பாத்து வாங்காம அளந்து வாங்குங்க.

18 மார்ச் 2023

அப்ப இப்ப என் வேன்ல இருக்கறது என்னன்னு நாலு பேர் கேட்டுட்டாங்க. இப்பவும் சாக்கடை மூடிதான். ஆனா 190-து இல்ல, டபிள்யூ126, எஸ் கிளாஸோடது. 7ஜே x 15, ஆஃப்செட் 25. அது ரெண்டு டன்னுக்கு மேல ஏத்தற காருக்கு செஞ்ச வீலு, எடைக்கு ஒத்துவரும். உள்பக்கம் கணக்கு: 89-ம் 25-ம் 114, பழசுக்கு 109. அஞ்சு மிமீதான் உள்ள போகுது. முன்னாடி ஒரு தொந்தரவும் இல்ல.

இந்த தடவை வீல் வாங்கறதுக்கு முன்னாடியே வண்டி பரிசோதனை பண்ற இன்ஜினியர போய் பாத்தேன். டியூவியோ டெக்ராவோ, எந்த பரிசோதனை கம்பெனிகிட்ட போனாலும் இத முதல்ல பண்ணுங்க. ஜெர்மனில பேப்பர்ல ஏத்தாத வீல மாட்டினா வண்டியோட ஓட்டற அனுமதியே போய்டும், ஆக்ஸிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல பெரிய தலைவலி. கம்பெனி வீல்ல ஓட்டை போட்டா தனி வண்டிக்கான அனுமதி வாங்கணும், அதுக்கான அறிக்கைய அந்த இன்ஜினியர் தன் கையெழுத்து போட்டு தரணும், ஒருத்தர் ஒத்துக்கறத இன்னொருத்தர் ஒத்துக்கணும்னு இல்ல.

அவர் ரெண்டு பேப்பர் கேட்டாரு. ஒண்ணு, வீலோட சுமை சான்று. பென்ஸ் வாடிக்கையாளர் பிரிவுக்கு வீல் பின்னாடி இருக்கற பார்ட் நம்பரோட எழுதி கேட்டேன், அனுப்பினாங்க. இன்னொண்ணு, ஓட்டையும் குழியும் யாரு, எந்த அளவுக்கு வெட்டினதுன்னு ஒரு பட்டறை எழுதி தர்ற தாள். அதனால இந்த தடவை கராஜ் டிரில்லிங் மெஷின் கிடையாது. வீல் வேலை மட்டுமே பாக்கற ஒரு பட்டறைல குடுத்தேன். வயசான ஒருத்தர், வீல நடு ஓட்டைல மையம் புடிச்சு மில்லிங் டேபிள்ல படுக்க வெச்சு, ஆரம் 14 உருண்டை கட்டர எறக்கினாரு. அவசரமே இல்ல. ஒரு குழி முடிஞ்சதும் துடைச்சு, போல்ட்ட போட்டு, எடுத்து, வெளிச்சத்துல திருப்பி பாத்துட்டுதான் அடுத்ததுக்கு போனாரு. நான் பையில குங்குமம் கொண்டு போயிருந்தேன். என்ன அதுன்னு கேட்டாரு, சொன்னேன், அவரே கேட்டு வாங்கி தடவி பாத்தாரு. குழி பூரா செவப்பு, ஒரு எடம் விடாம. அந்த மனுஷன் சந்தோஷத்துல என் தோள தட்டினாரு.

செலவு வீலு வாங்கின காசுக்கு மேல ஆச்சு. அது போகட்டும்.

18 மார்ச் 2023, விட்டுப்போனது

கதவு. முக்கியமானத சொல்லல.

ஆஃப்செட் 25-ல வெளிப்பக்கம் 64 மிமீ வருது, பழசுக்கு 31. அதாவது 33 மிமீ வெளிய. பின்னாடி வலது பக்கம் சைடு கதவு தள்ளி திறக்கறப்ப டயரு மேலயேதான் போகும். 205/65 ஆர்15 போட்டு பாத்தேன், வெளிவட்டம் பழைய டயருக்கு கிட்டத்தட்ட அதே அளவு, 648-ம் 650-ம், அதனால ஆசையா இருந்துச்சு. கதவு பாதி வந்ததும் டயர் பக்கவாட்ட உரசிச்சு, ரப்பர்ல ஒரு கோடு. சமதரைல நின்னப்பவே அப்டி, சரிவுல நின்னா கதவே திறக்காது. பின்னாடி பொண்ணு தூங்கற வண்டில ஒரு கதவு திறக்காதுன்னா அத ஏத்துக்க முடியாது.

195/65 ஆர்15, 95 நம்பர், எக்ஸ்ட்ரா லோடுக்கு மாறினேன். பக்கவாட்டுல வெளிப்பக்கம் நாலு மிமீதான் கொறஞ்சுது, அந்த நாலு மிமீல கதவு தொடாம போகுது, என் வேன்ல. கதவு ரோலர் தேஞ்சு போன வேன்ல இது பத்தாது, முதல்ல ரோலர மாத்திட்டு அளந்து பாருங்க. டயர் வட்டம் 635-க்கு எறங்கினதால ஸ்பீடாமீட்டர் ரெண்டரை சதவீதம் கூட காட்டும், கம்மியா காட்டினாதான் சட்டப்பிரச்சனை, கூட காட்டினா இல்ல. 70 குதிரை எஞ்சினுக்கு ஏத்தத்துல லேசா உதவுது கூட.

இன்னொண்ணு, டயர் வீல் ஆர்ச்சுக்கு, வீலுக்கு மேல இருக்கற பாடி வளைவுக்கு, வெளிய நின்னா பேப்பர்ல ஏத்த மாட்டாங்க. என்னோடது விளிம்புல நிக்குது, மெலிசா ஒரு ரப்பர் பட்டை ஒட்ட சொன்னாரு, ஒட்டினேன், கையெழுத்து போட்டாரு.

2 ஏப்ரல் 2023

எச் நம்பர் பிளேட்டு, அதான் ஜெர்மனில பழங்கால வண்டிக்கு குடுக்கற பிளேட்டு, போய்டுமான்னு கேட்டவருக்கு: என் வேன் 86, முப்பது வருஷம் தாண்டினது, எச் பிளேட்டுல ஓடுது, வருஷத்துக்கு 191.73 யூரோ வரி, டீசலா இருந்தாலும் ஊருக்குள்ள மாசு கட்டுப்பாட்டு பகுதில போலாம். அந்த பிளேட்டுக்கு அந்த காலத்து மாத்தங்கள் மட்டும்தான் ஒத்துக்குவாங்க. 80-கள்ல வந்த பென்ஸ் வீல் அந்த காலத்து பொருள்தான், என் கேஸ்ல ஒரு பேச்சும் வரல. 18 இன்ச்சு புது அலாய் போட்டுட்டு போய் நின்னா கதையே வேற.

3 ஏப்ரல் 2023

போல்ட் நீளம். அலாய் வீல் இரும்ப விட கெட்டி, அதனால நீள போல்ட்டு வேணும். டைட் ஆகற வரைக்கும் குறைஞ்சது ஏழரை சுத்து சுத்தணும், 14x1.5 மரைக்கு அதுதான் கணக்கு. கையால எண்ணிக்கிட்டே சுத்துங்க. அம்பது கிலோமீட்டர் ஓட்டினதும் ஆறின வீல்ல மறுபடி டார்க் ரெஞ்சு வெச்சு பாருங்க. நான் அம்பதுல பாத்தேன், அப்பறம் இருநூறுல, அப்பறம் கோடைல ஆஸ்திரியா போய் வந்ததும். மூணு தடவையும் ரெஞ்சு டிக்குனுச்சு, ஒரு போல்ட்டும் அசையல. ரெஞ்சு டிக்குன்னு சொல்ற அந்த சத்தத்துக்கு எவ்ளோ நிம்மதி இருக்குன்னு அந்த பார்க்கிங்ல நின்னவனுக்குதான் தெரியும்.

21 மே 2023

தம்பி எழுதிருக்கான். அந்த 190 வீல வாங்கிட்டானாம் அன்னைக்கே, நான் எழுதினத ஓட்டை போடறதுக்கு முன்னாடி படிச்சுட்டான். 190 கார் வெச்சிருக்கற ஒரு பெரியவருக்கே வித்துட்டானாம், அதே 120-க்கு. ரொம்ப சந்தோஷம்டா. இரும்பு வீல மணல் அடிச்சு வெள்ளி பெயின்ட் குடுத்துருக்கான், போட்டோ பாத்தேன், நல்லா இருக்கு, உண்மையாவே நல்லா இருக்கு. துருதான் அசிங்கமா இருந்துருக்கு, வீல் இல்ல. டபிள்யூ126 வீல் பொறுமையா தேடிக்கலாம்.

என் பழைய ஓட்டை போட்ட வீல் நாலையும் யாருக்கும் விக்கல, உருக்கற இடத்துல போட்டேன். போடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் ரம்பத்துல நடுவுல அறுத்துட்டேன், வேற யாரும் எடுத்து மாட்டிரக்கூடாதுன்னு.

14 ஆகஸ்ட் 2024

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன். நேத்து ஒரு பங்சர், அதனால ஒண்ணு சேக்கணும்.

டி3-ல ஸ்டெப்னி முன்னாடி மூக்குக்கு அடில ஒரு தட்டுல படுத்துருக்கும். 15 இன்ச்சு அலாய் அதுக்குள்ள ஒழுங்கா உக்காரல, அதனால பழைய 14 இன்ச்சு இரும்பு வீலையே ஸ்டெப்னியா வெச்சிருக்கேன். மாட்டறதுக்கு அலாய் போல்ட்ட போடக்கூடாது. இரும்பு வீல் மெலிசு, நீள போல்ட்டு ஹப்ப தாண்டி பின்னாடி நீட்டிக்கிட்டு நிக்கும், பின் வீல்ல பிரேக் டிரம்முக்குள்ள போய் எதையாவது இடிக்கும். பழைய குட்டை போல்ட்டுதான் வேணும்.

நேத்து மழைல, ரோட்டோரமா, ஜாக்கி போட்டு தூக்கினப்பறம் அந்த அஞ்சு போல்ட்டு எங்கன்னு தேடினேன், கால் மணி நேரம். பொண்ணுதான் கண்டுபிடிச்சா, அவ விளையாட்டு சாமான் டப்பால இருந்துச்சு. இப்ப ஒரு மஞ்சப்பைல போட்டு, ஸ்டெப்னி நடு ஓட்டைலயே கம்பி வெச்சு கட்டிட்டேன். ஸ்டெப்னிய எடுத்தா போல்ட்டும் கூடவே வரும்.